கலினாகோ வீட்டுக்கு விருந்தாளியாகப் போவது: டொமினிக்காவின் சமூகச் சுற்றுலா, ஓர் அறிமுகம்

பயணச்சீட்டு எடுக்கும்போதே ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டொமினிக்கா வேறு, டொமினிக்கன் குடியரசு வேறு. பின்னது ஸ்பானிஷ் பேசும் பெரிய நாடு. நீண்ட வெள்ளை மணற்கரையும் அதை ஒட்டி வரிசையாக ரிசார்ட்டுகளும் உள்ள இடம். நாம் பேசப்போவது, கலினாகோ என்ற பூர்வகுடி மக்கள் வாழும், கரீபியத்தில் குவாதலூப், மார்த்தினிக் என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் 750 சதுர கிலோமீட்டர் மலைத்தீவைப் பற்றி. மக்கள்தொகை ஏறத்தாழ 70,000. ஆட்சிமொழி ஆங்கிலம், வீட்டுமொழியாகப் பிரெஞ்சு கலந்த கிரியோலும் உண்டு. 1978 நவம்பர் 3 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. விமானச் சீட்டில் சேருமிடக் குறியீடு 'டிஓஎம்' என்று இருந்தால் சரியான தீவுக்குத்தான் போகிறீர்கள். இந்தப் பெயர்க் குழப்பத்தில் பெட்டியும் தபாலும் வழிதவறிப் போவது அந்தத் தீவில் பழைய நகைச்சுவை.

சமூகச் சுற்றுலாவை, அதாவது ஊர்க்காரர்களே நடத்தி, பணமும் ஊரிலேயே தங்கும் சுற்றுலாவை, விளக்க இந்தத் தீவை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. கரீபியத்தில் இதை நடத்தும் ஊர்கள் பல உண்டு. டிரினிடாட்டின் வடகரையில் கிராண்ட் ரிவியேர் என்ற கிராமத்துக்காரர்கள் முட்டையிட வரும் தோணியாமைகளுக்குக் காவல் இருந்துகொண்டே பயணிகளுக்கு வழிகாட்டுகிறார்கள். ஜமைக்காவின் தென்கரையில் டிரெஷர் பீச் இருக்கிறது. ஆனால் டொமினிக்காவில் இது ஒரு பக்கத் தொழில் இல்லை. வெள்ளை மணல் மிகக் குறைவு; எரிமலைத் தீவு என்பதால் கரைகள் பெரும்பாலும் கறுப்பு. தட்டையான நிலம் இல்லாததால் பெரிய விமானங்கள் இறங்க நீண்ட ஓடுபாதை அமையவில்லை. அதனால் சங்கிலி ஹோட்டல்கள் கூட்டமாக வரவில்லை. ஊரைத் தாங்கிக்கொண்டிருந்தது வாழை. பிரிட்டிஷ் சந்தையில் கிடைத்த சலுகையை நம்பி மலைச்சரிவெங்கும் வாழை போட்டிருந்தார்கள். 1997-இல் உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்பு அந்தச் சலுகைக்கு எதிராக வந்த பிறகு சிறு விவசாயிகள் ஒவ்வொருவராகத் தோட்டத்தைக் கைவிட்டார்கள். மிச்சம் இருந்தது காடு, ஆறு, அருவி, வெந்நீர் ஊற்று, சொந்த வீடு. இவற்றை வைத்துப் பிழைக்க முடியுமா என்று பார்த்ததில் உருவானதுதான் இன்று நாம் பார்க்கும் ஏற்பாடு.

பணம் போகும் வழி

சமூகச் சுற்றுலா என்றால் என்ன என்று கேட்டால், பச்சை, பண்பாடு, உண்மையான அனுபவம் என்று நிறைய வார்த்தைகள் வந்து விழும். அவற்றை ஓரமாக வைத்துவிட்டுப் பணத்தைப் பின்தொடர்ந்தால் விஷயம் சீக்கிரம் விளங்கும்.

ஒருவர் சொகுசுக் கப்பலில் வருகிறார் என்று வையுங்கள். கப்பல் காலையில் தலைநகர் ரோசோவில் நிற்கும், மாலையில் கிளம்பிவிடும். பயணி கட்டணத்தை முன்பே வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கட்டிவிட்டார். சாப்பாடு கப்பலில், படுக்கை கப்பலில். கரையில் ஒரு வேனில் ஏறி அருவி பார்க்கிறார். அந்தச் சீட்டும் பெரும்பாலும் கப்பலிலேயே வாங்கியது, அதில் கப்பலுக்கும் ஒரு பங்கு. தீவில் தங்குவது வேன்காரர் கூலியும், நுழைவுக் கட்டணமும், ஒரு காந்தப் பொம்மை வாங்கிய காசும்தான். அந்தப் பொம்மையும் வேறு நாட்டில் செய்ததாக இருக்கலாம். சுற்றுலாப் பொருளாதாரம் படித்தவர்கள் இதைக் 'கசிவு' என்பார்கள். ஊருக்கு வந்த பணம் ஊரில் நிற்காமல் ஒழுகிப் போவது.

இன்னொருவர் மலைக் கிராமத்தில் ஒரு குடும்பத்தின் வீட்டில் மூன்று இரவு தங்குகிறார். அறை வாடகை அந்த வீட்டுக்காரருக்கு. மீன் பக்கத்து வீட்டுப் படகில் வந்தது. கிழங்கு கொல்லையில் விளைந்தது. காட்டுக்குக் கூட்டிப்போனவர் வீட்டுக்காரரின் மைத்துனர். கூடை பின்னிக் காட்டிய அம்மாவுக்குத் தனியாகக் காசு. இங்கே பணம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு ஊருக்குள்ளேயே நாலைந்து முறை மாறுகிறது.

இதோடு இரண்டு விஷயங்களைச் சேர்த்தால் இலக்கணம் முடிந்தது. எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது, எத்தனை பேர் வரலாம் என்பதை ஊர்க்காரர்கள் தீர்மானிக்க வேண்டும். வரும் லாபத்தில் ஒரு பகுதியாவது பொதுக் காரியத்துக்குப் போக வழி இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் கிராமத்து வீட்டில் படுக்க வைப்பது மட்டும் நடந்தால் அது மலிவு விலை லாட்ஜ்.

நல்ல உதாரணம் தீவின் வடமேற்கில் போர்ட்ஸ்மத் ஊரில் இருக்கிறது. அங்கே பிரின்ஸ் ரூபர்ட் விரிகுடாவில் பாய்மரப் படகுகள் வந்து நங்கூரம் போடும். ஒரு காலத்தில் படகில் திருட்டு, அப்புறம் வழிகாட்டிகளுக்குள் பயணியைப் பிடிக்கப் போட்டி என்று பெயர் கெட்டிருந்தது. உள்ளூர்ப் படகோட்டிகளே ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'பேஸ்' என்பார்கள். இரவில் விரிகுடாவில் ரோந்து போவது, படகு கட்ட மிதவை போட்டுக் கொடுப்பது, பயணிகளை முறைவைத்துப் பிரித்துக்கொள்வது எல்லாம் சங்கத்தின் வேலை. பக்கத்திலேயே இந்தியன் ரிவர் என்ற ஆறு. அதில் மோட்டார் ஓட்ட அனுமதி கிடையாது, துடுப்புப் படகு மட்டும்தான். சதுப்புநில மரங்களின் வேர்கள் பலகைபோல் விரிந்து தண்ணீருக்குள் இறங்கும் இடங்களில் துடுப்பை நிறுத்திவிட்டு ஓட்டுபவர் நண்டையும் கொக்கையும் காட்டுவார். மோட்டார் இல்லாததால் ஒரு படகுக்கு ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். அத்தனை பேருக்கு வேலை. ஆற்றைக் காப்பாற்றும் விதி ஆளுக்கு வேலையும் கொடுக்கிறது. நான் எங்காவது இந்தக் கருத்தை விளக்க வேண்டி வந்தால் முதலில் சொல்வது இந்த ஆற்றைத்தான்.

3,700 ஏக்கர்

தீவின் வடகிழக்குக் கரையில் கலினாகோ மக்களின் நிலப்பகுதி இருக்கிறது. கொலம்பஸ் 1493-இல் இந்தப் பக்கம் வந்தபோது கிழக்குக் கரீபியத் தீவுகள் பலவற்றில் இருந்தவர்கள் இவர்கள். மற்ற தீவுகளில் போரிலும் நோயிலும் அழிந்தும் விரட்டப்பட்டும் போக, டொமினிக்காவின் மலை இவர்களை மறைத்து வைத்தது. 1903-இல் ஹெஸ்கெத் பெல் என்ற பிரிட்டிஷ் நிர்வாகி 3,700 ஏக்கரை இவர்களுக்கென்று ஒதுக்கினார். இன்று அங்கே எட்டுச் சிற்றூர்களில் சுமார் 3,000 பேர் வாழ்கிறார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தங்கள் தலைவரையும் மன்றத்தையும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024-இல் முதன்முறையாக ஒரு பெண் தலைவரானார். அதற்கு முந்தைய ஆண்டு சில்வேனி பர்ட்டன் நாட்டின் குடியரசுத் தலைவர் பதவிக்கு வந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கலினாகோ அவர்தான், முதல் பெண்ணும் அவர்தான்.

பழைய புத்தகங்களில் இவர்களைக் 'கரிப்' என்று பார்த்திருப்பீர்கள். 2015-இல் அரசு அந்தப் பகுதியின் பெயரையே கலினாகோ நிலப்பகுதி என்று மாற்றிவிட்டது. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரால் அழைப்பதுதான் முறை. போகும் முன் இந்த வரலாற்றைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2005-இல் ஒரு ஹாலிவுட் கடற்கொள்ளையர் படத்தின் படப்பிடிப்பு இந்தத் தீவில் நடந்தது. கலினாகோக்கள் சிலர் துணை நடிகர்களாகப் போனார்கள். படத்தில் வரும் தீவுவாசிகளோ நரமாமிசம் தின்பவர்கள். அப்போதைய தலைவர் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். காலனிக் காலத்தில் இவர்களை அடிமைப்படுத்த ஐரோப்பியர் கட்டிய அதே கதை திரும்ப வந்தது அவருக்கு எரிச்சலாக இருந்ததில் வியப்பில்லை. ஆகவே, வீட்டுக்காரரிடம் வேடிக்கையாகக்கூட அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

பயணத் திட்டத்துக்கு நேராக உதவுகிற செய்தி ஒன்று நிலச் சட்டத்தில் இருக்கிறது. இந்த 3,700 ஏக்கரும் பொதுச் சொத்து. வீடு கட்டலாம், விவசாயம் செய்யலாம், ஆனால் மனையைத் தனி ஆள் விற்கவோ வெளியாருக்கு எழுதிக் கொடுக்கவோ முடியாது. அதனால்தான் வெளியிலிருந்து ஒருவர் வந்து மலையை வாங்கி ஹோட்டல் கட்டவில்லை. அதே சட்டத்தின் மறுபக்கம்: அடமானம் வைக்க நிலம் இல்லாததால் வங்கிக் கடன் கிடைப்பது கடினம். விருந்தாளிக்கு ஓர் அறை சேர்க்க வேண்டும், குளியலறை கட்ட வேண்டும் என்றால் சேமிப்பைப் போட்டுச் சிறுகச் சிறுகத்தான் கட்ட முடியும். நீங்கள் போகும் வீட்டில் ஒரு சுவர் பூசாமல் இருந்தால் அலட்சியம் என்று எண்ண வேண்டாம்.

இதற்குள் ஓர் ஏற்றத்தாழ்வும் ஒளிந்திருக்கிறது. 'சமூகம்' என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, பெரிய சாலையை ஒட்டி வீடு இருப்பவருக்கும், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை பணம் அனுப்புகிறவருக்கும் விருந்தாளி கிடைப்பது எளிது. மேட்டில் உள்ள வீட்டுக்குக் கிடைக்காது. இணையத்தில் முதலில் வரும் வீட்டையே எல்லோரும் பதிவு செய்தால் இந்த இடைவெளி இன்னும் கூடும். தங்குவது ஓரிடம், சாப்பாடு ஒருவேளையாவது இன்னோரிடம், வழிகாட்டி மூன்றாவது இடம் என்று பிரித்துக்கொள்வது உங்களால் முடிந்த சின்னத் திருத்தம்.

போகுமுன் பேசி முடிக்க வேண்டியவை

ஹோட்டலில் முன்பதிவு என்பது ஒரு பொத்தானை அழுத்துவது. இங்கே அது ஓர் உரையாடல். கிராமத்து உறவினர் வீட்டுக்குப் போகும்போது எத்தனை பேர், எந்த வேளைச் சாப்பாட்டுக்கு வந்து சேருவோம் என்று சொல்லிவிடுவோமே, அந்த அளவுக்காவது பேசிவிட வேண்டும். அவர்கள் வேறு வேலை இல்லாமல் காத்திருப்பவர்கள் அல்ல. காலையில் தோட்டம், பகலில் பள்ளிக்கூட வேலை அல்லது அரசு வேலை, மாலையில் விருந்தாளி. நீங்கள் வருவதாகச் சொன்ன நாளுக்கு மீன் சொல்லி வைத்திருப்பார்கள், மைத்துனர் தோட்ட வேலையை ஒத்திப்போட்டிருப்பார். ஹோட்டலில் நீங்கள் வராவிட்டால் அறை காலி. இங்கே ஒரு குடும்பத்தின் வாரக் கணக்கு காலி. அதனால் தேதி மாறினால் உடனே தகவல் சொல்லுங்கள். முன்பணம் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். வாடகையில் சாப்பாடு சேருமா? வழிகாட்டிக்குத் தனியா? அவருக்கு உரிமம் உண்டா? விமான நிலையத்திலிருந்து யார் கூட்டிவருவார், எவ்வளவு? குளியலறை பொதுவா, தனியா? வெந்நீர் வருமா? ஊர்ப் பொதுநிதிக்கு ஏதாவது போகிறதா? கடைசிக் கேள்விக்குப் பதில் 'இல்லை' என்றாலும் பரவாயில்லை. சுற்றி வளைக்காமல் நேராகப் பதில் சொல்கிறாரா என்பதே பாதி விஷயம்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு சொல். 'வெஜிடேரியன்' என்றால் மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. சூப்பில் உப்புக்கருவாடு கிடக்கும். மீன் வேண்டாம், கோழி வேண்டாம், முட்டை வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுங்கள். ஜமைக்காவில் தோன்றிய ரஸ்தஃபாரி சமயத்தாரின் சமையலில் 'ஐட்டல்' என்று ஒரு முறை உண்டு. அசைவமும் உப்பும் பெரும்பாலும் கிடையாது. அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். மற்றபடி சாப்பாடு நமக்கு அந்நியமாக இருக்காது. சேம்பு, வாழைக்காய், ஈரப்பலா, கருணை வகைக் கிழங்குகள், தேங்காய்ப்பால். சேம்பு இலையை மசித்துத் தேங்காய்ப்பால் விட்டுச் செய்யும் கல்லலூ சூப்தான் இப்போது தேசிய உணவு. முன்பு அந்த இடத்தில் 'மலைக்கோழி' இருந்தது. பெயர்தான் கோழி, அது ஒரு பெரிய தவளை. 2002-இல் வந்த பூஞ்சை நோயில் இனமே அழியும் நிலைக்குப் போய்விட்டது, பிடிக்கத் தடை. யாராவது ரகசியமாகச் சமைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பணத்தை நோட்டாகக் கொண்டுபோங்கள். கிழக்குக் கரீபிய டாலர்தான் அங்கே நாணயம். ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976 முதல் மாறாமல் இருக்கிறது, அதனால் கணக்குப் போடுவது எளிது. அமெரிக்க டாலரையும் வாங்கிக்கொள்வார்கள், மீதியை உள்ளூர்க் காசில் தருவார்கள். கூடை விற்கும் பாட்டியிடம் நூறு டாலர் நோட்டை நீட்டிச் சில்லறை கேட்பது அவருக்குச் சங்கடம். சிறிய நோட்டுகளாக மாற்றி வையுங்கள். இன்னொன்று, டக்ளஸ்-சார்லஸ் விமான நிலையம் வடகிழக்கில்தான் இருக்கிறது. கலினாகோ ஊர்கள் அங்கிருந்து கிட்டம், தலைநகர் ரோசோதான் தூரம். முதலில் ரோசோவுக்குப் போய் மலையைச் சுற்றித் திரும்பி வரத் தேவையில்லை.

உடைக்கு வருவோம். ராணுவப் பச்சை-பழுப்புப் புள்ளி போட்ட சட்டை, கால்சட்டை, தொப்பி, குழந்தை உடுப்பு எதுவும் பெட்டியில் இருக்கக்கூடாது. டொமினிக்காவில் ராணுவப் புள்ளி உடை பொதுமக்களுக்குச் சட்டப்படி தடை, அண்டைத் தீவுகள் பலவற்றிலும் அப்படியே. மற்றபடி லேசான முழுக்கை, வேகமாக உலரும் துணி, மழைக்கோட்டு, பிடிமானமுள்ள காலணி. தீவில் மழை எப்போது வேண்டுமானாலும் வரும். ஒப்பீட்டளவில் உலர்ந்த மாதங்கள் பிப்ரவரி முதல் மே வரை. புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை.

புயல் என்றதும் மரியாவைச் சொல்லாமல் முடியாது. 2017 செப்டம்பர் 18 இரவு, ஐந்தாம் வகைப் புயலாக அது தீவின் மேல் ஏறியது. சேதம் நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். காட்டில் மரங்கள் இலையில்லாமல் குச்சியாக நின்றன; கூரை தப்பிய வீடு அரிது. கலினாகோ பகுதியும் கடுமையாக அடிபட்டது. நீங்கள் தங்கும் அறை அதற்குப் பிறகு மறுபடி எழுப்பியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த இரவைப் பற்றி அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். அருவி பார்த்து வந்த கையோடு, பேச்சுவாக்கில் 'மரியாவில் உங்களுக்கு என்ன போச்சு' என்று நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

நேரம் என்ற செலவு

சமூகச் சுற்றுலாவில் பலர் ஏமாறுவது விலையில் இல்லை, நேரத்தில். ஒரு நாளில் தீவைச் சுற்றி வந்து, நடுவில் ஒரு மணி நேரம் 'கலினாகோ கிராமம்' என்று போட்டுக்கொள்கிறார்கள். கிரேஃபிஷ் ரிவர் என்ற சிற்றூரில் கலினாகோ பரானா அவுத்தே என்ற மாதிரிக் கிராமம் 2006 முதல் இருக்கிறது. கடலைப் பார்த்த சரிவில் பழைய பாணிக் குடில்கள், நடுவே பெரிய மன்றக் கூடம், அருவி, வழிகாட்டி. முதல் அறிமுகத்துக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதோடு திரும்பிவிட்டால் பார்த்தது அருங்காட்சியகம்தான். இரண்டு நாளாவது தங்கினால்தான் வேலைகள் அதனதன் வேகத்தில் நடப்பதைப் பார்க்கலாம்.

கசாவா ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கசாவா நம்ம மரவள்ளிதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பி நம் ஊருக்கு வந்த செடி. கலினாகோக்கள் பயன்படுத்தும் கசப்பு வகையில் சயனைடு தரும் நஞ்சு அதிகம், அப்படியே சாப்பிட்டால் ஆபத்து. தோலைச் சீவிக் கிழங்கைத் துருவ வேண்டும். முன்பு கல் பதித்த பலகையில் துருவினார்கள், இப்போது பெரும்பாலும் மோட்டார் துருவி. துருவியதை இறுக்கிப் பிழிந்து பாலை வெளியேற்ற வேண்டும். அதற்குப் பழைய கருவி நாணல் வகையில் பின்னிய நீளமான குழாய். ஈரத் துருவலை அதில் திணித்து, மேல்முனையை உத்தரத்தில் மாட்டி, கீழ்முனையில் பாரம் ஏற்றினால் குழாய் நீண்டு ஒடுங்கும். பால் பின்னலின் இடைவெளி வழியே வடியும். பிறகு உலர்த்திச் சலித்து, விறகடுப்பின் மேல் வைத்த பெரிய இரும்புத் தட்டில் மாவைப் பரப்பிச் சுடுகிறார்கள். தேங்காய்த் துருவல் சேர்ப்பதும் உண்டு. சூட்டில் மாவு தன்னாலேயே ஒட்டிக்கொண்டு ரொட்டி ஆகிறது. எண்ணெய், ஈஸ்ட் எதுவும் கிடையாது. சேலம், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் அரைப்பு நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் துருவலும் பாலும் பழகிய காட்சியாக இருக்கும். அங்கே தொட்டி வைத்து அடியில் தேங்கும் மாவைச் சேர்க்கிறோம், இவர்கள் பிழிந்த துருவலையே ரொட்டியாக்குகிறார்கள். முழு வேலையும் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்காரரிடம் எந்த நாள் கிழங்கு பிடுங்குவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். உங்களுக்காகத் தினமும் பிடுங்க மாட்டார்கள்.

கூடையும் அப்படித்தான். லரூமா என்ற நாணல் போன்ற செடியைக் காட்டில் வெட்டி வந்து, தண்டைப் பிளந்து, நாராகச் சீவுகிறார்கள். வெயிலில் காய்ந்தால் செம்பழுப்பு, உட்பக்கம் வெளிர் நிறம், சேற்றில் சில நாள் புதைத்து வைத்தால் கறுப்பு. இந்த மூன்று நிறத்தில்தான் எல்லாக் கோலமும். சில கூடைகளை இரட்டை அடுக்காகப் பின்னி நடுவில் காட்டுவாழை போன்ற ஒரு செடியின் இலையை வைப்பார்கள். மழைநீர் உள்ளே இறங்காது. சாலையோரக் கடையில் தொங்கும் ஒரு கூடையைக் கையில் எடுத்து உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். நல்ல கூடையில் நார் முனை எதுவும் குத்தாது, விளிம்பு முறுக்கு ஒரே சீராக ஓடும். விலையைக் கேட்டு அதிர்ச்சியானால், செடி வெட்டப் போனதிலிருந்து எத்தனை நாள் கூலி அதில் இருக்கிறது என்று மனதுக்குள் கூட்டிப் பாருங்கள். பேரம் பேசுவது நமக்கு ரத்தத்தில் ஊறியது என்பது தெரியும். இங்கே அதைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் சின்னக் கூடையாக வாங்கலாம்.

தங்கும் நாளில் மீதி நேரத்துக்கு நடந்தே போகும் இடங்கள் உண்டு. சாலிபியாவில் உள்ள தேவாலயத்தின் பலிபீடம் ஒரு மரத்தோணி. சினேகுவில் கடலுக்குள் இறங்கும் எரிமலைப் பாறை ஒன்று படிப்படியாக, மலைப்பாம்பின் முதுகைப்போல் வரி வரியாக இருக்கும். கடலிலிருந்து ஏறி வந்த பாம்பின் தடம் அது என்பது ஊர்க் கதை. வழிகாட்டியோடு போங்கள், அலை ஏமாற்றும். நடைப்பிரியர்களுக்கு வைட்டுக்குபுலி தேசிய நடைபாதை இருக்கிறது. தீவின் தெற்கிலிருந்து வடக்கு வரை 14 பகுதிகளாக 184 கிலோமீட்டர். ஆறாம் பகுதி கலினாகோ ஊர்கள் வழியாகப் போகிறது.

பழக்கவழக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கடைக்குள் நுழைந்தாலும், வேனில் ஏறினாலும், வழி கேட்டாலும் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். 'குட் மார்னிங்' சொல்லாமல் நேரே 'தண்ணீர் பாட்டில் எவ்வளவு' என்று கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. இருட்டிய பிறகு சந்திக்கும்போதே 'குட் நைட்' என்பார்கள். விடைபெறுகிறார் என்று நினைத்துத் திரும்பி நடக்காதீர்கள். படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள், குழந்தைகளைப் பெற்றோரைக் கேட்காமல் எடுக்கவே வேண்டாம். தெருவில் மிட்டாய், பேனா விநியோகமும் வேண்டாம். பள்ளிக்கு ஏதாவது செய்யத் தோன்றினால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும் என்ன தேவை என்று.

போய்ச் சேருவது

நம் ஊரிலிருந்து போக இதுதான் பெரிய தலைவலி. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு டொமினிக்கா முன்கூட்டி விசா கேட்பதில்லை. ஆனால் அங்கே போகும் வழி கேட்கும். மயாமியிலிருந்து நேரடி விமானம் உண்டு, அதற்கு அமெரிக்க விசா வேண்டும். லண்டன் வழியாக பார்படோஸ் போய் அங்கிருந்து சிறு விமானம் பிடிக்கலாம், அதற்குப் பிரிட்டனின் இடைவழி விசா விதிகளைப் பார்க்க வேண்டும். டிரினிடாட் வழியாகத் திரும்புவதானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் விஷயத்தைச் சரிபார்த்துவிடுங்கள். இந்திய விமான நிலையத்தில் கேட்பார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால் சீட்டு வாங்கும் வாரத்தில் ஒருமுறை தூதரகத் தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. மின்சாரம் 230 வோல்ட், பிளக் பரவலாகச் சதுரமுனை பிரிட்டிஷ் வகை. சிங்கப்பூர், மலேசியா வாசகர்களுக்கு அடாப்டர் வேண்டாம், இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு வேண்டும். டெங்கு உள்ள தீவு, கொசு மருந்தை மறக்க வேண்டாம். விதை, செடி, பழம் எதையும் எடுத்துப் போகாதீர்கள்.

குவாதலூப் அல்லது மார்த்தினிக் வரை வந்து அங்கிருந்து படகில் வருவது இன்னொரு வழி. இரண்டும் பிரெஞ்சு மண். 1850-களிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் இரண்டு தீவிலும் இருக்கிறார்கள். குவாதலூப்பில் மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டுப் படகேற வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிரான்சின் கடல்கடந்த பகுதிகள் ஷெங்கன் வட்டத்துக்குள் வராது. பாரிசுக்கு வாங்கிய ஷெங்கன் விசா தானாக அங்கே செல்லாது, விண்ணப்பிக்கும்போதே அந்தத் தீவுகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். படகு எல்லா நாளும் கிடையாது. அதனால் படகு நாளைப் பார்த்துவிட்டு, அப்புறம் வீட்டுக்காரரிடம் தேதி சொல்லுங்கள். ரோசோவில் இறங்கினால் கலினாகோ ஊருக்கு மலையைக் கடந்து போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேன்கள் மிகக் குறைவு, அன்று வருவதாக இருந்தால் கூட்டிப்போக ஆள் அனுப்பச் சொல்லி வையுங்கள். தீவுகளுக்கு நடுவில் கடல் நன்றாகவே குலுக்கும். குமட்டல் மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.